வேதாகமம் பெயர் சொல்லாத மன்னன்

பாஸ்கா இரவிலே திருவிழிப்பு வழிபாட்டுக்கு வந்திருப்போர் அனைவரும் கேட்டிருக்கும் வாசகம் ஒன்று உண்டு. தகுந்த காரணம் இருப்பின் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளத் திருச்சபை அனுமதி தந்திருக்கிறது. ஆனால் யாத்திராகமத்தின் 14ஆம் அதிகாரத்தை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடலாகாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. இஸ்ராயேல் மக்கள் கடலை நடந்து கடக்கிறார்கள். பின்தொடர்ந்து வந்த எகிப்தியரின் தேர்களும் குதிரைகளும் நீரில் அமிழ்ந்துபோகின்றன. அந்த வாசகத்திலே மோயீசனின் பெயர் வருகிறது. இஸ்ராயேலின் பெயர் வருகிறது. எகிப்தின் அரசனுக்கு மட்டும் பெயரில்லை. அவன் வெறும் பாரவோன். பாரவோன் என்பது ஆளின் பெயரன்று. பெரிய வீடு, அதாவது அரண்மனை, என்று பொருள்படும் எகிப்தியச் சொல் அது.

யாத்திராகமத்தில் இரண்டு பாரவோன்கள் வருகிறார்கள். எபிரேயரை அடிமைகளாக்கி வருத்தியவன் ஒருவன். மோயீசன் மதியான் நாட்டில் அகதியாய் வாழ்ந்த காலத்தில் அவன் இறந்துபோனான் என நூல் கூறுகிறது. கடலோரம்வரை துரத்தி வந்தவன் அவனுக்குப் பின் அரசாண்டவன். இருவருடைய பெயரும் சொல்லப்படவில்லை. ஆயினும் அடிமைகள் கட்டிய நகரங்களின் பெயர்களை ஆசிரியர் எழுதிவைத்தார்: பித்தோம், இராம்சேஸ். இந்த இரண்டாவது பெயரைக்கொண்டே, வேதாகம அறிஞர் பலர் இந்நிகழ்ச்சிகளை இரண்டாம் இராம்சேஸ் மன்னனின் காலத்தோடு இணைக்கின்றனர். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தவை எனக் கணக்கிடுவோரும் உளர். எகிப்தியரின் கல்வெட்டுகளில் இந்த விடுதலையைப் பற்றிய பேச்சே இல்லாமையால் அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எவ்வாறாயினும், இம்மன்னனின் வரலாற்றை அறிந்துகொள்வது, வேதாகமம் எகிப்தியரைப் பற்றி உண்மையில் என்ன கற்பிக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

படைவீரர் குடும்பம்

இராம்சேஸ் பழைய அரச குலத்தில் தோன்றியவன் அல்லன். அவனுடைய பாட்டன் ஒரு படைத்தளபதி. பிள்ளைப்பேறில்லாத ஹோரெம்ஹெப் மன்னன் அத்தளபதியை அமைச்சனாக உயர்த்தி, ஈற்றில் அரசுரிமையையும் அவனுக்கே விட்டுச் சென்றான். முதலாம் இராம்சேஸ் என முடிசூடிய அம்முதியவன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆண்டான். அவனுடைய மகன் முதலாம் சேத்தி. சேத்திக்கும் தூயா அரசிக்கும் பிறந்த மகனே நமது இராம்சேஸ். பிறந்தது கி. மு. 1303 அளவில்.

இக்குடும்பத்தின் பூர்வீகம் நைல் நதியின் கழிமுகத்துக்குக் கிழக்குப் பகுதி. யாக்கோபின் மக்கள் ஆடுமாடுகளோடு குடியேறியதாக ஆதியாகமம் கூறும் கோசேன் நாடும் அதே திசையில்தான் இருந்தது. அடிமைகளும் அரசனும் ஒரே மண்ணின் அயலவர்கள்.

தந்தை அவனைச் சிறுவயதிலேயே இளவரசனாக அறிவித்துப் போர்க்களங்களுக்கும் அழைத்துச் சென்றார். கி. மு. 1279இல், ஏறத்தாழ 25 வயதில், அவன் எகிப்தின் முடியை அணிந்தான். அதன்பின் 66 ஆண்டுகள் அந்த முடி அவன் தலையை விட்டு இறங்கவில்லை. சராசரி எகிப்தியன் 40 வயதைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், பாட்டனும் தந்தையும் பேரனுமாக ஒரே அரசனின் கீழ்ப் பிறந்து வாழ்ந்து மடிந்தனர். மாற முடியாத ஓர் ஆட்சி என்றே மக்கள் அதனை எண்ணியிருப்பார்கள்.

தோல்வியை வெற்றியாக எழுதியவன்

ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், கி. மு. 1274இல், அவன் சிரியா நாட்டின் காதேசு நகரை நோக்கிப் படையெடுத்தான். வடக்கே ஏத்தியர் என்ற வலிமைமிக்க இனத்தார் ஆண்டுவந்தனர். தாவீது அரசனால் வஞ்சிக்கப்பட்ட ஊரியாஸ் வேதாகமத்தில் இந்த இனப்பெயராலேயே அழைக்கப்படுகிறான்.

எகிப்தியப் படை நான்கு பிரிவுகளாகச் சென்றது. ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. வழியில் பிடிபட்ட நாடோடிகள் இருவர், எதிரி நெடுந்தொலைவில் இருக்கிறான் என்று பொய் சொன்னார்கள். மன்னன் அதை நம்பி முதற்பிரிவோடு முன்சென்று பாளையமிறங்கினான். ஏத்தியரோ காதேசுக்குப் பின்னால் மறைந்திருந்தனர். அவர்களுடைய தேர்ப்படை வழியிலிருந்த இரண்டாம் பிரிவைச் சிதறடித்து, மன்னனின் பாளையத்துள்ளும் புகுந்தது. இராம்சேஸ் நேரில் நின்று போரிட்டான். அவனுடைய துணிவை மறுப்பதற்கில்லை. தக்க தருணத்தில் வேறொரு துணைப்படை வந்து சேர்ந்ததால் உயிர் தப்பினான். ஆனால் காதேசு நகரம் ஏத்தியரிடமே இருந்தது. மன்னன் வெறுங்கையோடு ஊர் திரும்பினான்.

திரும்பியவன் என்ன செய்தான்? தன்னந்தனியே பகைவரை முறியடித்ததாக ஒரு வீரகாவியம் எழுதுவித்தான். அபிதோஸ், கர்னாக், லுக்சோர், அபு சிம்பெல், தன் நினைவுக் கோவிலாகிய இராமேசேயம் ஆகிய இடங்களிலெல்லாம் அதைச் சித்திரங்களோடு சுவரில் செதுக்குவித்தான். வேதாகமத்தை எழுதியவர்களோ தங்கள் முன்னோரின் முணுமுணுப்பையும், பொன்கன்றுக்குட்டியையும், தாவீதின் பாவத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

எனினும் நீதியாய்ப் பேசவேண்டும். அதே இராம்சேஸ் தன் ஆட்சியின் 21ஆம் ஆண்டில், கி. மு. 1259இல், ஏத்தியரின் அரசன் ஹத்துசிலியோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டான். எகிப்தியர் அதனைக் கோவிற் சுவர்களில் பொறித்தனர். ஏத்தியரின் களிமண் பிரதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இருதரப்புப் பிரதிகளும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சமாதான உடன்படிக்கைகளுள் இது தலையாயது. அதன் மாதிரி ஒன்று நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக் கட்டிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு ஓடியவர்களைத் திருப்பி அனுப்பும்போது, அவர்களைக் கொல்லவோ, கண்ணையும் காதையும் காலையும் ஊனப்படுத்தவோ, மனைவி மக்களைத் துன்புறுத்தவோ கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. தப்பியோடியவன் மீது இரங்கும் விதியொன்றை இம்மன்னன் ஏற்றுக்கொண்டிருந்தான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அவனுக்குள்ளும் ஒரு மனிதன் இருந்தான்.

செங்கல்லும் வைக்கோலும்

இராம்சேஸைப்போல் கட்டிடம் கட்டிய எகிப்திய மன்னன் வேறொருவன் இல்லை எனலாம். தெற்கே அபு சிம்பெல்லில் மலையையே குடைந்து, ஏறத்தாழ 20 மீற்றர் உயரமான தன் உருவங்கள் நான்கை வாசலில் அமர்த்தினான். அருகே தன் பிரிய அரசி நெபெர்தாரிக்கும் ஒரு கோவில் அமைத்தான். முன்னைய மன்னர்களின் சிலைகளிலிருந்த பெயர்களை அழித்துத் தன் பெயரை வெட்டுவித்தான். பின்வருவோர் தனக்கும் அவ்வாறே செய்துவிடுவர் என அஞ்சியோ என்னவோ, தன் பெயரை மிக ஆழமாகச் செதுக்கச் செய்தான்.

ஆனால் வேதாகமத்தைத் தொடுவது வேறொரு வேலை. கழிமுகத்தின் கிழக்கே, தன் தந்தையின் அரண்மனை இருந்த இடத்தைச் சூழ, அவன் பி-இராம்சேஸ் என்ற புதிய தலைநகரை எழுப்பினான். கோவில்களுக்குக் கல், வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் மதில்களுக்கும் வெயிலில் காய்ந்த மண் செங்கல். நைல் நதியின் சேற்றை நீர்விட்டு மிதித்து, நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து, மரச்சட்டத்தில் அடித்து வெயிலில் உலர்த்துவார்கள். வைக்கோல் சேராத கல் உலரும்போது வெடித்துப்போகும். ஆகவே வைக்கோலைத் தாமே தேடிக்கொள்ளவேண்டும், செங்கல்லின் தொகையோ குறையக்கூடாது என்று பாரவோன் இட்ட கட்டளை எத்துணை கொடியது என்பதை, அந்த வேலை தெரிந்தவனே முழுமையாக உணர்வான்.

பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் இராம்சேஸின் ஐந்தாம் ஆண்டைச் சேர்ந்த தோற்சுருள் ஒன்று இருக்கிறது. கீழ்நிலை அதிகாரிகள் 40 பேருக்கு ஆளுக்கு 2000 செங்கல் என்று அதில் கணக்கு எழுதப்பட்டுள்ளது. அத்தொகையை நிறைவேற்றியவர்கள் மிகச் சிலரே. எபிரேயரின் பெயர் அதில் இல்லை. ஆனால் நாளாந்தத் தொகை, குறைந்தால் பொறுப்பாளருக்கு அடி, மேலே கண்காணி, அவனுக்கும் மேலே அரசன் என்று யாத்திராகமத்தின் 5ஆம் அதிகாரம் வருணிக்கும் உலகம் கற்பனை உலகமன்று என்பதற்கு இது போதிய சான்று.

யாருடைய பெயர் எழுதப்பட்டது

இந்த இடத்திலே வேதாகமம் செய்யும் ஒரு காரியத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். எபிரேயரின் ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனே கொன்றுவிடும்படி பாரவோன் மருத்துவச்சிகள் இருவருக்குக் கட்டளையிட்டான். அவர்கள் கடவுளுக்கு அஞ்சிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அவர்களுடைய பெயர்களை யாத்திராகமம் சொல்கிறது: சிப்பிரா, பூவா. மலைகளைக் குடைந்து தன் பெயரை வெட்டிய மன்னனுக்கு அந்நூலில் ஒரு சொல் இடமில்லை. பிரசவ அறையில் முழந்தாளிட்டு வேலை செய்த இரு பெண்களின் பெயர்களோ இன்றுவரை உலகமெங்கும் வாசிக்கப்படுகின்றன. கடவுளுடைய கணக்குப் புத்தகம் அரசர்களுடையதைப் போன்றதன்று.

இன்னொன்று. இராம்சேஸ் என்ற பெயருக்கு, ரா என்னும் சூரிய தெய்வத்தினால் பிறந்தவன் என்பது பொருள். அப்பெயரின் நடுவிலுள்ள பிறப்பைக் குறிக்கும் சொல்லே மோயீசன் என்ற பெயரிலும் இருக்கிறது என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. நீரிலிருந்து எடுக்கப்பட்டவர் என யாத்திராகமம் எபிரேய மொழியில் அதற்குப் பொருள் கூறினாலும், அப்பெயரை அவருக்கு இட்டவள் எகிப்திய இளவரசி ஒருத்தியே. தன் தந்தையின் கட்டளையை மீறிக் கூடையைத் திறந்து, அழுத குழந்தைமேல் இரங்கியவள் அவள். அடிமைகளை விடுவித்தவர் எகிப்தியரின் பெயரைத் தாங்கி, எகிப்தியரின் வீட்டில் சோறுண்டு வளர்ந்தவர்.

முதுமையும் மரணமும்

இராம்சேஸின் மனைவியர் பலர். பிள்ளைகள் ஏறத்தாழ நூறு பேர். முப்பது ஆண்டு ஆட்சி நிறைவில் யூபிலி கொண்டாடுவது எகிப்திய மரபு. அவன் அதன்பின்னும் மூன்றாண்டுக்கு ஒருமுறை அளவில் கொண்டாடிக்கொண்டே இருந்தான். ஆனால் நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை உண்டு. நெபெர்தாரி இறந்தாள். மூத்த மகன் அமுன்ஹெர்கெபெஷெப் இறந்தான். அறிவிற் சிறந்த மகன் காஎம்வாசெத்தும் இறந்தான். ஒருவர்பின் ஒருவராகப் பன்னிரண்டு மூத்த புதல்வர் தந்தைக்கு முன்னே மறைந்தனர். கி. மு. 1213இல், ஏறத்தாழ 90 வயதில், மூட்டுகள் இறுகி, பற்கள் சீழ்கொண்டு, முதுகு கூனி அவன் கண்ணை மூடியபோது, பதின்மூன்றாவது மகன் மெர்னெப்தா முதியவனாகவே அரியணை ஏறினான்.

அந்த மெர்னெப்தா தன் வெற்றிகளைக் கருங்கல்லில் பொறித்துவைத்தான். 1896இல் பெட்றி என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் அதைத் தீப்ஸில் கண்டெடுத்தார். அதன் கடைசி வரிகளில் கானான் நாட்டிலே தான் வென்றோரை மன்னன் பட்டியலிடுகிறான். அதிலே இஸ்ராயேல் என்ற பெயர் உண்டு. அந்த இனம் வேரறுந்து, வித்தற்றுப் போயிற்று என்பது அவன் கூற்று. வேதாகமத்துக்கு வெளியே இஸ்ராயேலைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்று அதுவே. ஓர் இனம் அழிந்துவிட்டது என்ற அறிவித்தலோடுதான் அதன் பெயர் உலக வரலாற்றில் நுழைகிறது! அறிவித்த அரசு போய்விட்டது; அழிந்ததாகச் சொல்லப்பட்ட மக்களின் சங்கீதங்களைத் திருச்சபை நாள்தோறும் செபிக்கிறது.

பி-இராம்சேஸ் நகரத்தின் கதியும் அவ்வாறே. அருகே ஓடிய நதிக் கிளை தூர்ந்துபோக, பின்வந்த அரசர்கள் அதன் சிலைகளையும் கற்களையும் தானிஸ் நகருக்குப் பெயர்த்துச் சென்றனர். அடிமைகளின் வியர்வையில் எழுந்த தலைநகரம் கந்தீர் என்னும் சிற்றூரின் வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. மன்னனின் கல்லறையும் கொள்ளையிடப்பட்டது. எகிப்தியக் குருக்கள் அவன் சடலத்தை இரகசியமாக எடுத்து, வேறு மன்னர்களின் சடலங்களோடு மலைக்குகை ஒன்றில் மறைத்துவைத்தனர். 1881இல் அது வெளிப்பட்டது. 1976இல் பூஞ்சணம் பிடித்த அந்த உடலைச் சிகிச்சைக்காகப் பாரிஸ் நகருக்கு விமானத்தில் கொண்டுசென்றபோது, ஓர் அரசனுக்குரிய படைமரியாதையோடு வரவேற்றார்கள். 2021 ஏப்பிரல் 3ஆம் திகதி முதல் அது கெய்ரோவில் எகிப்திய நாகரிகத்துக்கான தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

எகிப்தியனை வெறுக்காதே

அப்படியானால் எகிப்தியர் கடவுளின் பகைவர்களா? பாஸ்கா வாசகத்தை மட்டும் கேட்டு வீடு திரும்புபவர் அவ்வாறே எண்ணக்கூடும். வேதாகமம் முழுவதையும் வாசிப்பவர் எண்ணமாட்டார்.

எபிரேயர் எகிப்தில் அடிமைகளாகுமுன்னரே, எகிப்தியப் பெண் ஒருத்தி எபிரேயரின் கூடாரத்தில் அடிமையாயிருந்தாள். அவள் ஆகார். சாராள் அவளை வருத்தினாள் என்று சொல்ல ஆதியாகமம் கையாளும் எபிரேய வினைச்சொல்லே, எகிப்தியர் இஸ்ராயேலரை வருத்தினர் என்று சொல்லவும் யாத்திராகமத்தில் வருகிறது. வனாந்தரத்துக்கு ஓடிய அந்த எகிப்தியப் பெண்ணுக்கு ஆண்டவரின் தூதர் தோன்றினார். வருத்துபவன் எப்பொழுதும் அயலான், வருந்துபவன் எப்பொழுதும் நம்மவன் என்று வேதாகமம் கதை சொல்லவில்லை.

பஞ்சகாலத்தில் ஆபிரகாமுக்கும் யாக்கோபின் மக்களுக்கும் தானியம் தந்த நாடு எகிப்து. ஆதியாகமத்து யோசேப்பு எகிப்தியக் குரு ஒருவரின் மகள் ஆசெனாத்தை மணந்தார். ஆகவே எப்பிராயிம், மனாசே கோத்திரங்களின் தாய் எகிப்தியப் பெண். இதையெல்லாம் எண்ணியே உபாகமத்தின் 23ஆம் அதிகாரம், எகிப்தியனை அருவருக்கலாகாது, அவனுடைய நாட்டில் நீ அந்நியனாயிருந்தாய் என்று கட்டளையிடுகிறது. செங்கல் சுமந்த தோள்களின் தழும்பு ஆறுமுன்னரே கொடுக்கப்பட்ட கட்டளை இது! யூதரின் மரபுக் கதையொன்றில், எகிப்தியர் கடலில் மாண்டபோது பாட முற்பட்ட வானதூதர்களைக் கடவுள் தடுத்தார். தம் கைப்படைப்புகள் மாளும்போது பாட்டு எதற்கு என்று வினவினார். பாஸ்கா விருந்திலே பத்து வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்து இரசத்தில் சில துளிகளைச் சிந்தும் வழக்கத்துக்கும், எகிப்தியர் பட்ட துயரை எண்ணித் தம் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வது என்றே அவர்கள் விளக்கம் கூறுவதுண்டு.

இசையாஸ் இறைவாக்கினர் இதற்கும் மேலே சென்றார். ஒருநாள் எகிப்தின் நடுவே ஆண்டவருக்குப் பீடம் எழும் என்றும், எகிப்தையும் அசீரியாவையும் இஸ்ராயேலோடு சேர்த்து ஆண்டவர் ஆசீர்வதித்து, எகிப்தைத் தம் மக்கள் என அழைப்பார் என்றும் அவருடைய நூலின் 19ஆம் அதிகாரம் முன்னுரைக்கிறது.

அந்த நாள் எப்படி விடிந்தது? பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்லும் கட்டளையை இம்முறை இட்டவன் எகிப்தியன் அல்லன். யெருசலேமில் ஆண்ட ஏரோது. திருக்குடும்பம் அடைக்கலம் தேடிச் சென்ற நாடு எகிப்து. சூசையப்பரும் கன்னி மரியாளும் திருக்குழந்தையோடு நைல் நதியின் தேசத்தில் அகதிகளாயினர். பெந்தகோஸ்து நாளில் அப்போஸ்தலர்கள் பேசக் கேட்டவர்களுள் எகிப்திலிருந்து வந்தோரும் இருந்தனர். புனித மாற்கு அலெக்சாந்திரியாவில் திருச்சபையை நிறுவினார் என்பது பழம் மரபு. புனித அத்தனாசியார் அந்நகரின் ஆயர். துறவிகளின் தந்தை வனத்து அந்தோனியார் ஓர் எகிப்திய விவசாயியின் மகன். 2015இல் லிபியாவின் கடற்கரையில் கிறிஸ்துவுக்காகத் தலை கொடுத்த 21 தொழிலாளருள் 20 பேர் எகிப்தின் கொப்த்து மக்கள். 2023இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களை உரோமைத் திருச்சபையின் மறைசாட்சிகள் பட்டியலில் சேர்த்தார்.

பெயரைத் திருப்பித் தந்தவர்கள்

இராம்சேஸ் ஆழமாக வெட்டிய தன் பெயரை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாம் நூற்றாண்டளவில் அற்றுப்போயினர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சிலைகள் ஊமைகளாய் நின்றன. பின்னர் ஷம்போலியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வெழுத்தை வாசிக்க வழி கண்டார். பழைய எகிப்தியரின் மொழி கொப்த்துத் திருச்சபையின் செபங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை உணர்ந்து, அவர் இளமையிலேயே பாரிஸில் வாழ்ந்த கிழக்கத்திய குரு ஒருவரிடம் கொப்த்து மொழி கற்றார். 1822 செப்டெம்பரில் அபு சிம்பெல் கோவிலின் பிரதி ஒன்று அவர் கைக்கு வந்தது. முதற்குறி சூரியன், கொப்த்து மொழியில் அது ரே. அடுத்து வந்த ஒலிகளை அறிந்து சேர்த்தபோது இராம்சேஸ் என்ற பெயர் எழுந்தது. பிறப்பைக் குறிக்கும் கொப்த்துச் சொல் அதன் பொருளையும் விளக்கிற்று.

தன் பெயரைக் காக்க அம்மன்னன் கல்லை நம்பினான். கல் அதைக் காத்தது, ஆனால் பேசவில்லை. பேசவைத்தது, அவனுடைய குடிமக்களின் வழிவந்தோர் கிறிஸ்துவிடம் செபித்த மொழி.

அடுத்த பாஸ்கா இரவில் அந்த வாசகத்தைக் கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைப்போம். அடிமைகளின் கூக்குரலைக் கடவுள் கேட்டார். ஆகவே ஒடுக்குமுறைக்கு முன்னால் மௌனம் சாதிப்பது நமக்குத் தகாது. அதே கடவுள் எகிப்தியனை வெறுக்காதே என்றும் சொன்னார். ஆகவே நம்மை வருத்தியவனின் இனத்தையும் பிள்ளைகளையும் சபிக்க நமக்கு உரிமையில்லை. நாளை நம் பிள்ளைக்கு அடைக்கலம் தரப்போகும் கதவு எந்த வீட்டுக் கதவு என்பதை யார் அறிவார்?